கொடி கட்டிய வண்டியும் காரைக்கால் நிறுத்தமும்

ஆவணி பிறந்ததும் கம்மாபுரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வேளாங்கண்ணிக்கு வண்டி பேசும் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆகஸ்டு 29-இல் ஆரோக்கிய அன்னையின் கொடி ஏறும். செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. இந்த நாள்களுக்கிடையே நம் வட்டாரத்திலிருந்து வேன்கள் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போகின்றன. முகப்பில் அன்னையின் படம், படத்துக்கு மாலை, இருபுறமும் கொடி, உள்ளே பாட்டு. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைகிற காட்சிதான். ஆனால் இந்த வழியில் ஒரு நிறுத்தம் மட்டும் எந்த அறிவிப்பிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாவிட்டாலும், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதே அந்த நிறுத்தத்தை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த நிறுத்தத்தின் பெயர் காரைக்கால்.

மதுவே கூடாது என்று வாதாட இக்கட்டுரை எழுதப்படவில்லை. அப்படி வாதாடுவோர் பலர் உளர். அவர்கள் நோக்கம் தூயது. எனினும் நம் திருச்சபை திராட்சை இரசத்தைப் பலிபீடத்தின்மீது வைத்திருக்கும் சபை. குடி என்னும் செயலையே பாவமென்று அது சொன்னதில்லை, மட்டுமிஞ்சுதலையே கண்டித்திருக்கிறது. என் வழக்கு வேறு. ஒரு திருப்பயணத்தின் தோலைப் போர்த்திக்கொண்டு, அதற்குள்ளே ஒரு மதுப்பயணம் மிகுந்த திட்டத்தோடு நடத்தப்படுகிறதே, அந்தக் கள்ளத்தனத்தின்மீதே என் வழக்கு.

திட்டம் என்றேன். அச்சொல்லை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இத்தகைய பயணம் ஒன்றுக்கு இளைஞர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று எப்படியோ என் கைக்கு வந்தது. ஒரு தேர்ந்த கணக்குப்பிள்ளைகூட அவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டார். வண்டி வாடகை, தலைக்கு இவ்வளவு, முன்பணம், சுங்கச்சாவடி, ஓட்டுநர் பேட்டா எல்லாம் வரிசையாக இருந்தன. காரைக்காலில் எந்தக் கடைக்கு முன் வண்டியை நிறுத்த வசதி உண்டு, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், யார் யாருக்கு என்ன சரக்கு, திரும்பும்போது எத்தனை புட்டிகள், அவற்றை எந்த இருக்கைக்கு அடியில் வைப்பது என்பனவும் இருந்தன. பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வேளாங்கண்ணியில் தமிழ்த் திருப்பலி எத்தனை மணிக்கு என்பது மட்டும் அதில் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஒதுக்கிய நேரமும் இல்லை.

நம் பங்குகளில் எந்த வேலையாவது இவ்வளவு கருத்தோடு திட்டமிடப்பட்டதுண்டா? மறைக்கல்வி வகுப்புக்கு ஓர் ஆசிரியரைத் தேடுவதற்கு மூன்று மாதம் ஆகிறது. வின்சென்ட் தே பவுல் சபையின் மாதக் கூட்டத்துக்கு நாலு பேர் வந்தால் பெரிது. கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் இடிந்தால், அடுத்த ஆத்துமாக்கள் திருநாள்வரை அது அப்படியே கிடக்கும். இந்தச் சோம்பேறிக் கைகளா அந்த நோட்டை எழுதின என்று வியந்தேன்.

காரைக்காலுக்கு இந்தக் கவர்ச்சி எப்படி வந்தது என்பது ஒரு சிறு வரலாறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948-இல் மாகாணம் முழுமைக்கும் வந்தது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. ஆகவே எல்லைக்கு இப்பால் வறட்சி, அப்பால் வெள்ளம். 1954-இல் ஆட்சி கைமாறியது. 1962-இல் சட்டப்படியும் அப்பகுதிகள் இந்தியாவோடு இணைந்தன. வெள்ளம் மட்டும் வற்றவில்லை. 1971-இல் தமிழ்நாட்டிலேயே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவாயிற்று. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. இப்போது இரு பக்கமும் வெள்ளம்தான். ஆயினும் வரி வேறு, விலை வேறு என்பதால் எல்லை தாண்டும் பழக்கம் நின்றபாடில்லை.

இது விலைக்காக மட்டுமே நடக்கும் பயணம் என்பதற்கு அரசே சாட்சி. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம் புதுச்சேரி அரசு மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்கு ஈடாகும்படி ஒரு தனி வரியைப் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். மறு ஆண்டு அவ்வரி விலக்கப்பட்டது; கூட்டமும் திரும்பிவந்தது. காரைக்கால் மண்ணில் நமக்கிருந்த ஈர்ப்பு அந்த வரியளவுதான் என்று எண்ணிப் பார்க்கையில் வெட்கமாக இருக்கிறது. அம்மையார் என்றால் தமிழுலகம் முழுவதும் அந்த ஊரைத்தான் நினைக்கிறது. அந்த ஊர் நடுவில் தேற்றரவு அன்னையின் ஆலயம் நிற்கிறது. தேற்றரவு என்னும் அந்த அழகிய பழஞ்சொல்லைப் பெயராகக் கொண்ட தாயின் வாசலில் நம் வண்டிகளில் எத்தனை நின்றன என்று யாராவது சொல்லட்டும். ஆறுதல் வேண்டித்தானே போகிறோம்? ஆறுதலின் வாசலைத் தாண்டிப் போய்க் கடையின் வாசலில் நிற்கிறோம்.

அண்மையில் இப்பழக்கத்துக்கு ஒரு புதுப் பூச்சு கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் கணினி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கென்டக்கி மாநிலத்துப் பயணக் கதைகளைக் கொண்டுவருகிறார்கள். அங்கே பூர்பன் விஸ்கி வடிக்கும் ஆலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பது பெரிய சுற்றுலா. 1999-இல் அம்மாநிலத்து வடிசாலைக்காரர் சங்கம் இதற்கென்றே ஒரு பயணப் பாதையை வகுத்து, ஆலைக்கு ஆலை முத்திரை குத்திக்கொள்ள ஒரு சிறு கையேட்டையும் கொடுத்தது. இக்கதையைக் கேட்ட நம்மூர்ப் பையன் ஒருவன் என்னிடமே சொன்னான்: “சித்தப்பா, அவங்களுக்குக் கென்டக்கி, நமக்குக் காரைக்கால். அவங்க செய்தா சுற்றுலா, நாங்க செய்தா பாவமா?”

கேள்வி கூர்மையானது. சிரித்துவிட்டு நகரக் கூடாது; அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில், கென்டக்கியைப் பற்றி அவன் அறியாத ஒன்று. அந்தப் பூர்பன் நாட்டின் நடுவே இருக்கும் பார்ட்ஸ்டவுன் என்னும் ஊர் கத்தோலிக்கருக்கு அந்நியமானதன்று. மேரிலாந்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மலைகளைக் கடந்து 1785 முதல் அங்கே குடியேறின. அவர்களை நடத்திச் சென்றவர்களுள் ஒருவர் பேசில் ஹேடன். 1992 முதல் அவர் பெயரிலேயே ஒரு பூர்பன் புட்டி விற்பனையாகிறது. 1808-இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் அமெரிக்காவில் புதிய மறைமாவட்டங்களை உருவாக்கியபோது நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய பெருநகர்களோடு இந்தச் சிற்றூரும் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. அதன் முதல் ஆயர் பிளாஜே ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் எழுப்பிய புனித சூசையப்பர் பேராலயம் 1819-இல் நேர்ந்தளிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில் 1848-இல் டிராப்பிஸ்டுத் துறவிகள் நிறுவிய கெத்சமனி மடம் இருக்கிறது. தாமஸ் மெர்ட்டன் 1941 முதல் 27 ஆண்டுகள் வாழ்ந்த மடம் அதுதான். 1968 நவம்பரில் அவர் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து போனதும், அடுத்த மாதமே பாங்காக்கில் இறந்ததும் நம் வாசகரில் பலர் அறிந்ததே. அந்த மடத்துத் துறவிகள் பிழைப்புக்காகச் செய்து விற்கும் இனிப்பில்கூடச் சிறிது பூர்பன் சேர்க்கிறார்கள். ஆகவே மதுவும் மறையும் ஒரே மண்ணில் வாழ முடியாது என்று நான் அவனிடம் சொல்லப்போவதில்லை.

ஆனால் அங்கே போகிறவர் எதைப் பார்க்கப் போகிறார்? பூர்பன் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளம் இருக்க வேண்டும்; உட்புறம் தீயில் கரித்த புதிய ஓக் மரப் பீப்பாயில் அது கிடக்க வேண்டும்; அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். இவை அங்கே சட்டம். சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் தண்ணீர், புளிக்கும் மாவின் வாசனை, கோடையும் குளிரும் மாறிமாறி மரத்துக்குள் சாராயத்தை இழுத்தும் விட்டும் அதற்கு நிறமும் சுவையும் ஏற்றும் விதம், இவற்றையெல்லாம் காட்டிச் சொல்லுகிறார்கள். ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பங்குக்கு வானதூதர் பங்கு என்று ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்திருக்கிறார்கள். இறுதியில் சிறு குவளைகளில் அளந்து ஊற்றுகிறார்கள். சுற்றிப் பார்ப்பவர் ஒரு தொழிலைப் பார்க்கிறார். சூளையில் வேகும் மண் எத்தனை மணி நேரத்தில் எப்படி மாறும் என்று விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி ஒருவர் சொன்னால் கேட்டு நிற்போமே, அத்தகைய காட்சி அது.

காரைக்காலில் நீ எதைப் பார்த்தாய், தம்பி? விலைப்பட்டியலைப் பார்த்தாய். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி தானியத்தையே அறியாதது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியதே அது. அதைப் பார்க்க எல்லை தாண்ட வேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை இருக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் ‘இ.ஐ.டி. பாரி’ என்ற பெயரின் முதல் மூன்று எழுத்தும் கிழக்கிந்திய வடிசாலைகள் என்பதன் சுருக்கமே. கம்மாபுரத்துக் கரும்பு வயலில் நிற்பவனுக்குத் தன் கரும்பின் கழிவு என்ன ஆகிறது என்று அறிந்துகொள்ளும் ஆவல் இருக்குமானால், அந்தப் பயணத்துக்கு நானே முன்பணம் தருவேன். அறிவு தேடிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மலிவு தேடிப் போகிறவனோடுதான் எனக்குப் பேச்சு.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கென்டக்கிக்குப் போகிறவன் கென்டக்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மனைவிக்குத் தெரியும், வீட்டுக் கணக்கில் அச்செலவு இருக்கும். உன் பயணத்துக்கோ வேளாங்கண்ணி என்று பெயர். மகளிர் குழுவில் கடன் வாங்கி அந்தத் தாய் வண்டிக் கூலியைக் கட்டியது, பிள்ளைக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்ட கடனைத் தீர்ப்பதற்காக. அவளிடம் கேட்காமலேயே அவளுடைய நேர்ச்சைப் பணம் உன் மதுப்பயணத்துக்கு டீசல் ஊற்றுகிறது. வண்டி கடைக்கு முன் ஒன்றரை மணி நேரம் நிற்கையில் அவள் உள்ளே வியர்த்துக்கொண்டு பிள்ளைக்கு விசிறுகிறாள். என்ன தாமதம் என்று கேட்டால் டயரில் காற்றுக் குறைவு என்று பதில் வருகிறது. அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. ஆண்கள் இல்லாமல் வண்டி இல்லை, வண்டி இல்லாமல் வேளாங்கண்ணி இல்லை என்று அவளுக்குக் கணக்குச் சொல்லித் தந்திருக்கிறோம்.

திரும்பும் வழி இதைவிடக் கொடியது. வெளி எல்லையிலிருந்து மதுப் புட்டிகளைத் தமிழ்நாட்டுக்குள் கடத்திவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடத்திய வண்டியையே பறிமுதல் செய்ய இடமுண்டு. இது தெரிந்துதான் புட்டிகள் பெண்களின் இருக்கைக்கு அடியில் போகின்றன. அன்னையின் திருத்தலத்து எண்ணெய்ப் புட்டியும், கடலில் மொண்ட தண்ணீரும், பொரி உருண்டைப் பொட்டலமும் மேலே, அது கீழே. பெண்கள் இருக்கும் வண்டியைப் போலீசார் அதிகம் கிளறமாட்டார்கள் என்பது கணக்கு. ஒரு தாயின் மானத்தைப் புட்டிக்குத் திரையாகக் கட்டுகிறோம் என்று ஒருவனுக்காவது உறைத்ததா? ஒரு நாள் சோதனைச் சாவடியில் நள்ளிரவில் எல்லாரையும் இறக்கிவிட்டால், தூக்கம் கலைந்த பிள்ளைகளோடு சாலையோரம் நிற்கப்போவது அந்தப் பெண்கள்தாமே.

ஓட்டுநரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பேட்டாவோடு அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுவது வழக்கம் என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992-இல் வெளிவந்தது. அதில் 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேகத்தின்மீதுள்ள மோகத்தாலோ சாலையில் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்பவர் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறார் என்ற கருத்து வெளிப்படையாகக் கூறப்பட்டிருக்கிறது. நம் வண்டிகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஓட்டுநர் குடித்தால் ஓட்டுநர் மட்டுமா குற்றவாளி? ஊற்றிக் கொடுத்தவன் எந்த எண்ணின் கீழ் வருவான்?

சிலர் கானாவூர்த் திருமணத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். இயேசு பெருமானே தண்ணீரை இரசமாக்கினாரே என்பார்கள். ஆக்கினார், ஆறு கற்சாடி நிறைய ஆக்கினார். ஆனால் அது ஊரறிந்த திருமண விருந்து. பந்தலில் தாய் இருந்தாள். இரசம் தீர்ந்ததை முதலில் கண்டவளும் அவளே. யாரும் யாருக்கும் தெரியாமல் கலியாண வீட்டின் பின்புறத்தில் கூடவில்லை. கானாவூரை மேற்கோள் காட்டுகிறவர்கள் கானாவூரைப் போலவே பெண்களும் பிள்ளைகளும் பார்க்க நடுப்பந்தலில் உட்கார்ந்து அளவோடு அருந்தட்டும். என் பேனாவை மூடிவிடுகிறேன். அது முடியாதென்றால் கானாவூரை விட்டுவிடட்டும்.

அரசைக் குறை கூறாமல் எங்களைக் கூறுவது ஏன் என்று இன்னொரு முணுமுணுப்பு வரும். 2023-24-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மதுக்கடைகளால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தின் பின்னால் எத்தனை அடுப்புகள் அணைந்தன என்பதை நானும் அறிவேன். 2024 ஜூனில் நம் பக்கத்து மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பார்? அரசின் கணக்கை அரசு தீர்க்கட்டும். அதைக் கேட்டு நாம் தெருவில் நிற்கவும் வேண்டும். ஆனால் கொடி கட்டிய வண்டியை அந்தக் கடை முன் நிறுத்தும்படி எந்த அரசும் ஆணையிடவில்லை. அது முழுக்க முழுக்க நம் கைவேலை.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சந்தருவது அந்த வண்டியின் பின்னிருக்கையில் இருக்கும் பதினாறு வயதுப் பையன். அவன் முதல் மிடற்றை எங்கே பருகினான் என்று ஊர் ஊராகக் கேட்டால், மாமன்மார், அண்ணன்மார் சூழ ஒரு திருப்பயணத்தில்தான் என்ற விடை பல இடங்களில் வரும். டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் தம் பன்னிரண்டாம் வயதில் மதுக் கிடங்கில் வேலைக்குப் போனபோது குடிக்கத் தொடங்கினார். அதைவிட்டு மீள அவருக்குப் பதினாறு ஆண்டு பிடித்தது. 1925-இல் இறந்த அவரை இன்று வணக்கத்துக்குரியவர் என்று திருச்சபை போற்றுகிறது என்பது உண்மையே. அவரைப்போல் மீளாதவர்களின் பெயரை எந்தப் பட்டியலிலும் காணோம்.

பங்குப் பேரவை இதை அறியாதா? அறியும். ஆனால் தேர் தூக்கும் தோள்களும், திருவிழாவுக்குப் பணம் தரும் கைகளும் இவையே என்பதால் வாய் திறப்பதில்லை. மறையுரையில் பொதுவாகக் குடியைத் திட்டுவதில் யாருக்கும் இழப்பில்லை. கேட்பவன் பக்கத்திலிருப்பவனை நினைத்துக்கொள்வான். நம் விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவர்தாம் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆற்றைக் கடந்த சீடர்களில் எண்ணியவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் குறைகிறாரே என்று அழுத கதை அதில் வருகிறது. நம் பயணக் குழுக்களிலும் அப்படித்தான். ‘நான் சும்மா கூடப் போனேன்’ என்று சொல்லாதவன் இல்லை.

மதுப்பயணம் போக விரும்புகிறவர்கள் தனி வண்டி பேசிக்கொள்ளட்டும். அதில் அன்னையின் படம் வேண்டாம், கொடி வேண்டாம், மகளிர் குழுக் கடன் வேண்டாம். எங்கே போகிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். வேளாங்கண்ணிக்குப் போகும் வண்டி காரைக்காலில் நிற்க வேண்டுமானால் தேற்றரவு அன்னையின் கோயிலில் நிற்கட்டும். ஒரு கால்மணி நேரம் போதும். அதற்கும் மனமில்லாதவர்கள் கோணான்குப்பத்துக்கு நடந்தே போய்வரலாம். வழியில் எல்லையும் இல்லை, சாவடியும் இல்லை. வரும் ஆவணியில் வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்த நோட்டுப் புத்தகத்தை அன்பியக் கூட்டத்தில், பெண்களும் இருக்கையில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசிக்க நாக்கு எழாத வரிகளை அங்கேயே அடித்துவிட்டு, விடுபட்ட திருப்பலி நேரத்தை எழுதிக்கொண்டு, அதன்பிறகு வண்டிக்காரரிடம் போகட்டும்.